இலையே, உன் ஊர் எது?

கொல்கத்தாவில் வாழும் தமிழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பெட்டியில் இரண்டு சாமான்கள் தவறாமல் இடம் பிடிக்கும். ஒன்று ரசகுல்லா டின். மற்றொன்று டார்ஜிலிங் தேயிலை. "வரும்போது ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க" என்று அங்கிருந்து முன்கூட்டியே சொல்லியும் விடுவார்கள். நாமும் வாங்கிக்கொண்டு போவோம். அது டார்ஜிலிங்தானா என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

என் சம்பந்தி ஒருவர்தான் கேட்டார். அவர் குன்னூர்க்காரர். தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆசையோடு கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வாயால் ஒரு ஊது ஊதி, மூக்கருகே கொண்டு போனார். பிறகு மெதுவாக, "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. இது எங்க ஊரு இலையாட்ட இருக்குதுங்க" என்றார்.

சிரித்து மழுப்பினேன். ஆனால் திரும்பி வரும் ரயிலில் அதே நினைவாக இருந்தது. குன்னூர் இலை கல்கத்தாவுக்கு வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, என் பெட்டியில் ஏறிக் குன்னூருக்கே திரும்பிப் போய்விட்டதா? அல்லது சம்பந்தியின் மூக்குதான் பிசகிவிட்டதா? யார் தீர்ப்புச் சொல்வது?

அலிப்பூர் திரும்பியதும் ஞாயிறு தமிழ் வகுப்பில் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, "தாத்தா, அந்த இலைகிட்டேயே கேட்டுப் பார்க்க முடியாதா?" என்றாள். முடியும். எப்படி என்பதே இந்தப் பாடம்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் நல்லதா என்பது ஒரு கேள்வி. அது எங்கிருந்து வந்தது என்பது வேறொரு கேள்வி. நம் அலிப்பூர் ஜட்ஜஸ் கோர்ட் சாலையில் உள்ள தேசிய சோதனைக் கூடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1912-இல் ரயில்வே வாரியத்தின் கீழ் அரசு சோதனைக் கூடமாகத் தொடங்கப்பட்டது. சிமெண்ட் போதிய உறுதியுடன் இருக்கிறதா, இரும்பு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தரவே இத்தகைய கூடங்கள் ஏற்பட்டன. இவை முதல் வகைக் கேள்விகள்.

தேயிலைக்கும் அரசு விதித்த தர அளவுகள் உண்டு. இலையை எரித்தால் மிஞ்சும் சாம்பல் நூற்றுக்கு 4 முதல் 8 பங்குக்குள் இருக்க வேண்டும், கொதிநீரில் கரைந்து இறங்கும் சாரம் 32 பங்குக்குக் குறையக் கூடாது, நார் 16.5 பங்கைத் தாண்டக் கூடாது. மரத்தூள் கலந்திருந்தாலும், ஒருமுறை வடித்த தூளை உலர்த்தி மறுபடி விற்றாலும் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். ஆனால் குன்னூர் இலையும் டார்ஜிலிங் இலையும் இதில் ஒன்றுபோலத் தேறிவிடும். இரண்டும் நல்ல தேயிலைதானே! நம் கேள்வி இரண்டாவது வகை. அதற்குச் சாம்பலின் எடை போதாது. சாம்பலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

செடியின் பரம்பரையைப் பார்த்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் ஒரு சுவையான சரித்திரம் குறுக்கே வருகிறது. 1830-களில், இந்தியாவில் தேயிலை பயிரிட முடியுமா என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அது சீனாவிலிருந்து விதைகளைத் தருவித்து, ஆற்றுக்கு அக்கரையில் சிவ்பூரில் உள்ள தாவரவியல் பூங்காவில் முளைக்க வைத்தது. ஏறத்தாழ 42,000 நாற்றுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி அஸ்ஸாமுக்கும் இமயமலையடியில் குமாவுன் பக்கத்துக்கும் போயின. சுமார் 2,000 நாற்றுகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் சில நீலகிரியில் கேத்தியில் இருந்த அரசு பரிசோதனைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. குமாவுனில் வளர்ந்த செடிகளின் விதையைக் கொண்டு 1841-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் டார்ஜிலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் பயிரிட்டுப் பார்த்தார். டார்ஜிலிங் தேயிலையின் கதை அங்கே தொடங்குகிறது.

ஆக, நீலகிரியின் முதல் தேயிலைச் செடிகளும் டார்ஜிலிங்கின் முதல் செடிகளும் ஹூக்ளிக் கரையில் ஒரே நாற்றங்காலில் கண் விழித்த உடன்பிறப்புகள்! பிறகு எத்தனையோ வகைகள் இரு மலைகளிலும் வந்து கலந்துவிட்டன என்பது உண்மைதான். இருந்தாலும், எந்த ரகம் என்று மட்டும் தெரிந்துகொண்டால் எந்த மலை என்று தெரிந்துவிடாது. ஒரே ரகத்தின் கிளையை வெட்டி எங்கே வேண்டுமானாலும் நட்டுவிடலாமே.

மணத்தை வைத்துச் சொல்லலாமா? என் சம்பந்தி அப்படித்தான் சொன்னார். 1861 டிசம்பர் முதல் கொல்கத்தாவில் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. ஏலத்துக்கு முன் உறிஞ்சிச் சுவைத்துத் துப்பி, இலையின் குணம் சொல்லும் நிபுணர்களின் நாக்கு அபாரமானது. அவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மணம் என்பது இலை பிறந்த மண்ணால் மட்டும் வருவதன்று. பறித்த மாதம், வாட்டிய நேரம், நொதிக்கவிட்ட பக்குவம், டப்பாவில் கிடந்த காலம் எல்லாம் அதை மாற்றும். டார்ஜிலிங்கில் கோடைப் பறிப்பின்போது வரும் திராட்சை மணத்துக்கு, இலையைக் கடித்துச் சாறு உறிஞ்சும் சிறு பச்சைத் தத்துப்பூச்சியும் ஒரு காரணம் என்கிறார்கள். கடிபட்ட செடி தற்காப்பாகச் சுரக்கும் வாசனைப் பொருள்களே கோப்பையில் மணக்கின்றன. மூக்கு நல்ல சாட்சிதான். ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சி அல்ல.

நிற்கக்கூடிய சாட்சி பாறை. அதைப் புரிந்துகொள்ள, நாம் டல்ஹௌசி சதுக்கத்துக்கு அருகில் உள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

அந்த வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்தவர் அவர். (2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்படிச் சொல்வது சரியல்ல என்று தீர்ப்பளித்தது, அது வேறு கதை.) அவர் கல்லறை மேல் கருமை படர்ந்த கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். வங்காளச் சமவெளியில் எங்கு தோண்டினாலும் களிமண்தான். அப்படியொரு கல் இங்கே கிடைக்காது. 1893-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்பவர் அந்தக் கல்லின் இயல்பை ஆராய்ந்து எழுதினார். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதிலுள்ள கனிமங்களைப் பார்ப்பது நிலவியலார் வழக்கம். ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் கொண்ட, கிரானைட் போன்ற அந்தப் பாறை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் சென்னைப் பக்கம், பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்திலிருந்து! கல்லறைக்கு உரியவரின் பெயராலேயே ஹாலந்து அந்தப் பாறை இனத்துக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். பல்லாவரத்துக் கல், கல்கத்தாப் பெயர். இந்த நகரத்துக்கு வந்து பெயர் மாறிய முதல் தென்னாட்டுப் பொருள் என் தேயிலைப் பொட்டலம் அல்ல என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

இந்தக் கல்லுக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம்? நீலகிரி மலையே பெரும்பாலும் சார்னகைட் பாறையால் ஆனது. டார்ஜிலிங் மலைச்சரிவுகளில் இருப்பதோ வேறு: 'டார்ஜிலிங் நைஸ்' என்று நிலவியலார் அழைக்கும் வரிவரியான பாறையும், அதன் கீழே படிவுப்பாறைகள் மாறி உண்டான தகட்டுப் பாறைகளும். பாறை நொறுங்கித்தான் மண் ஆகிறது. மண்ணில் கரைந்ததைத்தான் வேர் உறிஞ்சுகிறது.

அப்படி உறிஞ்சப்படுபவற்றில் ஸ்ட்ரான்ஷியம் என்று ஓர் உலோகம் உண்டு. குணத்தில் கால்சியத்துக்குத் தம்பி. கால்சியம் என்று நினைத்துச் செடி இதையும் சிறிதளவு உள்ளே எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரான்ஷியம் அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்ல. வேதிக்குணம் ஒன்றாகவும் எடை வேறாகவும் உள்ள இத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். அவற்றில் 86 எடையுள்ளதும் 87 எடையுள்ளதும் நமக்கு வேண்டியவை. 86 எவ்வளவு இருந்ததோ அவ்வளவே என்றும் இருக்கும். 87 மட்டும் மெல்ல மெல்லக் கூடும். ஏனென்றால் பாறையில் உள்ள ருபீடியம் என்ற தனிமத்தின் ஒரு வகை கதிர்வீசிச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறிக்கொண்டே இருக்கிறது. அவசரமே இல்லாத மாற்றம்: ருபீடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடிதான்!

எனவே ருபீடியம் மிகுந்த பழைய பாறையில் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் உயர்ந்திருக்கும். ருபீடியம் குறைந்த பாறையில் தாழ்ந்திருக்கும். கடல் நீரில் இந்த விகிதம் 0.709. இமயமலை நைஸ் பாறைகளில் 0.74-ஐத் தாண்டுவது சாதாரணம். சார்னகைட் போல, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருவான பாறைகளில் ருபீடியம் பெரும்பாலும் குறைந்திருக்கும்; ஆகவே வயது முதிர்ந்திருந்தாலும் விகிதம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. மூன்றாவது தசமத்தில் உள்ள வித்தியாசம் நமக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இதை அளக்கும் கருவிகள் ஐந்தாவது தசமம் வரை நம்பகமாகச் சொல்லக்கூடியவை.

இதில் பெரிய வசதி என்னவென்றால், மண்ணில் உள்ள விகிதத்தைச் செடி அநேகமாக மாற்றுவதே இல்லை. வாட்டினாலும் வறுத்தாலும் மாறாது. வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்தாலும் மாறாது. மணம் போன இலையும் தன் ஊர்ப் பாறையை மறப்பதில்லை.

இது மனிதருக்கும் பொருந்தும் என்றால் வியப்பாக இருக்கும். நம் நிலைப்பற்களின் மேற்பூச்சான எனாமல் சிறு வயதில் உருவாகிறது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை. அந்த வயதில் குடித்த தண்ணீரிலும் தின்ற சோற்றிலும் இருந்த ஸ்ட்ரான்ஷியம் அப்படியே அதில் தங்கிவிடும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எலும்புக்கூட்டை எடுத்து, இவர் இந்த ஊரில் வளர்ந்தவரா, வெளியூரிலிருந்து வந்தவரா என்று தொல்லியலார் பார்ப்பது இப்படித்தான். நான் அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவன்; என் பல்லில் இருப்பது தாமிரபரணி. என் பேரனின் பல்லில் இருப்பது கார்டன் ரீச்சில் சுத்திகரித்துக் குழாயில் வரும் ஹூக்ளித் தண்ணீர். வீட்டில் நாங்கள் ஒரே மொழி பேசினாலும் எங்கள் பற்கள் வெவ்வேறு ஊர் சொல்லும். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் எல்லாரும் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார்கள்.

பாறைக்கு அடுத்த சாட்சி மழை. 'கொல்கத்தாவில் இன்று இவ்வளவு மழை' என்று செய்தியில் வருவது நம் அலிப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தின் அளவு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அங்கே அளப்பது மழையின் அளவை. மழையின் எடையையும் அளக்கலாம்! தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்தில் இரண்டு கனமானவை. ஹைட்ரஜனிலும் இருபதாயிரத்தில் மூன்று போலக் கனமானவை உண்டு. வங்கக் கடலில் திரண்ட மேகம் வடக்கே நகரும்போது, கனமான துளிகள் முந்திக்கொண்டு இறங்கிவிடும். நமக்குக் கிடைப்பது அந்த முதல் பந்தி. மேகம் மேலும் போய் மலையில் ஏற ஏற, மிச்சமிருக்கும் மழை மேலும் மேலும் லேசாகிறது. ஒரே மேகத்தின் மழை, சிலிகுரியில் ஒரு விகிதம், குர்சியோங்கில் வேறு விகிதம்.

நீலகிரிக்கு இரண்டு பருவமழை. ஒன்று அரபிக் கடலிலிருந்து, மற்றொன்று வங்கக் கடலிலிருந்து. டார்ஜிலிங்குக்கு முக்கியமாகத் தென்மேற்குப் பருவம் கொண்டுவரும் வங்கக் கடல் மழை. செடி குடித்த தண்ணீரின் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இலையின் நார்ப்பொருளில் கட்டுண்டு தங்கிவிடுகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை: வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது லேசானது முதலில் பறந்துபோகும். அதனால் பங்குனியில் கிள்ளிய கொழுந்தும் ஆடியில் கிள்ளிய கொழுந்தும் ஒரே செடியினுடையவையாக இருந்தும் ஒரே விகிதம் காட்டா. பாறை பேசுவது போல மழை அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. பாறையோடு சேர்த்துக் கேட்டால் பயன் உண்டு.

மூன்றாவது சாட்சி ஒருவர் அல்ல, ஒரு கூட்டம். மாங்கனீசு, ருபீடியம், பேரியம், செம்பு, நிக்கல், காட்மியம், அரிதாகக் கிடைக்கும் மண் உலோகங்கள் என்று இலையில் மிகச் சிறிய அளவில் இருப்பவை. தேயிலை அமில மண்ணில் வளரும் செடி. அமில மண்ணில் அலுமினியம் கரையும். தேயிலைச் செடி அதை வஞ்சனையில்லாமல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், முற்றிய இலையில் அதிகமாகவே. ஒவ்வொரு தனிமத்தையும் தனியாகப் பார்த்தால் ஊர் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் தெரியும். ஒருவர் 'வந்தேன்' என்றால் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியுமா? பத்து வாக்கியம் பேசட்டும். 'ஏலே'யும் 'ஏனுங்'கும் வெளியே வந்துவிடும். அது போலத்தான்.

இவற்றை எப்படி அளக்கிறார்கள்? இலையை உலர்த்திப் பொடியாக்கி, சிறிதளவு எடுத்து, மிகத் தூய்மையான நைட்ரிக் அமிலத்தில் சூடேற்றி முழுவதும் கரைத்துவிடுவார்கள். அந்தக் கரைசலைப் புகைபோலத் தெளித்து, ஆர்கான் வாயுவாலான ஒரு சுடருக்குள் செலுத்துவார்கள். அந்தச் சுடர் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடானது. அதில் எல்லாம் தனித்தனி அணுவாக உடைந்து மின்னேற்றம் பெறும். பிறகு எடை வாரியாகப் பிரித்து எண்ண வேண்டியதுதான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இந்தக் கருவி நூறு கோடியில் ஒரு பங்கையும் காட்டிக் கொடுக்கும். வேலை செய்பவர் சுத்தம் குறைந்தவராக இருந்தால் அவர் வீட்டு மஞ்சள்தூளையும் சேர்த்தே காட்டிக் கொடுக்கும். ஆகவே கருவியைவிடக் கை முக்கியம்.

எண்கள் கிடைத்துவிட்டன. உடனே ஊர் தெரிந்துவிடுமா? தெரியாது. கைரேகை கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஏடு வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும், ஒவ்வொரு பருவத்திலும், கண்ணெதிரே பறித்த இலைகளைச் சோதித்து அந்த ஏட்டை முதலில் தயாரிக்க வேண்டும். 2010-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, ஆசிய நாடுகளின் நூற்றுக்கும் மேற்பட்ட தேயிலை மாதிரிகளை இந்த முறையில் சோதித்து, மிகப் பெரும்பாலானவற்றின் பிறப்பிடத்தைச் சரியாகச் சொன்னது. நம் நாட்டிலும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தாருடன் சேர்ந்து, நான்கு வட்டாரத் தேயிலைகளை ஐசோடோப்பு விகிதங்களால் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். குன்னூரா டார்ஜிலிங்கா என்ற என் சம்பந்தியின் கேள்வி இந்தக் கருவிகளுக்கு எளிய கேள்விதான்.

கடினமான கேள்வி வேறு இருக்கிறது. டார்ஜிலிங்கின் மேற்கு எல்லையைத் தாண்டினால் நேபாளத்தின் இலாம் மாவட்டம். அங்கும் 1863 முதல் தேயிலை பயிராகிறது. அதே இமயப் பாறை, அதே பருவமழை, ஏறத்தாழ அதே உயரம், அதே சீனச் செடி. எல்லைக்கோட்டை மனிதர் வரைந்தார்கள். பாறைக்கு அது தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது இரசாயனத்துக்குக் கடும் சோதனை. தோட்டத்துக்குத் தோட்டம் மண் மாறுவதால் பொறுமையாக ஏடு தயாரித்தால் ஓரளவு பிரிக்கலாம். அமிலம் தணிக்கத் தோட்டத்தில் போடும் டாலமைட் பொடியும், வெளியூர்ப் பாறையிலிருந்து வரும் உரமும் அந்த ஏட்டைக் குழப்பும். பத்துக்கு ஏழு பங்கு டார்ஜிலிங், மூன்று பங்கு இலாம் என்று கலந்துவிட்டால் இன்னும் கடினம். இரசாயனம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இது வெறும் சுவாரசியத்துக்கான கேள்வி அல்ல. டார்ஜிலிங் என்ற பெயருக்கு உரிமையுள்ள தோட்டங்கள் 87. பல வருடங்களாகத் தேயிலை வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு: அங்கே விளைவது ஒரு கோடி கிலோ, அந்தப் பெயரில் உலகில் விற்பது நான்கு கோடி கிலோ என்று. இப்போது விளைச்சல் அந்த ஒரு கோடிக்கும் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2017-இல் தனி மாநிலக் கோரிக்கைக்காக மலையில் 104 நாள் கடையடைப்பு நடந்தது. முந்தைய வருடம் சுமார் 80 லட்சம் கிலோ விளைந்த இடத்தில் அந்த வருடம் சுமார் 32 லட்சம் கிலோதான். கோடைப் பறிப்பு முழுவதும் செடியிலேயே முற்றிக் காடானது. ஆனால் வாங்குபவர் கோப்பை காலியாக இருக்குமா? வேறு இலை வந்து அந்த இடத்தை நிரப்பியது. திரும்ப மலை திறந்தபோது வாடிக்கையாளர்களில் பலர் வேறு இலைக்குப் பழகியிருந்தார்கள். செங்குத்தான சரிவில் கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு, அந்தப் பெயர் ஒன்றுதான் மூலதனம்.

நீலகிரிக்கும் இதில் நஷ்டம் உண்டு. அதை நாம் யோசிப்பதில்லை. என் பொட்டலத்தில் இருந்தது உண்மையில் குன்னூர் இலையாக இருந்தால், அது நல்ல இலை என்பதால்தானே டார்ஜிலிங் என்று விற்க முடிந்தது? நல்ல பெயர் டார்ஜிலிங்குக்கும், பணம் நடுவில் இருந்தவருக்கும் போயிற்று. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரித் தோட்டங்களில் மறுபடியும் கூடை எடுத்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும் கிள்ளிய கொழுந்துக்கு அதன் சொந்த ஊர்ப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது டார்ஜிலிங் தேயிலைதான். பெயருக்கு ஒரு பதிவு, முத்திரைக்கு ஒரு பதிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும் தனி முத்திரை உண்டு. 2021 நவம்பரில், இறக்குமதித் தேயிலையை டார்ஜிலிங், காங்ரா, அஸ்ஸாம், நீலகிரித் தேயிலைகளோடு கலக்கக் கூடாது என்று கொல்கத்தாவில் உள்ள தேயிலை வாரியம் உத்தரவிட்டது. தோட்டம் முதல் பொட்டலம் வரை கணக்கேட்டில் எடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே வாரியத்தின் பிரதான வழி. கணக்கேடு பொய் சொல்கிறது என்ற சந்தேகம் வரும்போதுதான் பாறையையும் மழையையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்குத் தேநீரைவிடச் சாக்லேட் மேல்தான் கண். கொக்கோ விதைக்கும் இதே முறைதான் என்று சொன்னவுடன் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஈக்வடார், பெரு போன்ற நாடுகளின் கொக்கோவில் மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோவைவிடக் காட்மியம் பொதுவாகக் கூடுதல். அங்குள்ள மண் அப்படி. அது உடல்நலத்துக்கு ஒரு கவலை, ஊர் கண்டுபிடிப்பவருக்கு ஒரு துப்பு. கொக்கோ விதையைப் பழத்திலிருந்து எடுத்துச் சில நாள் புளிக்க வைப்பதால் அதன் வாசனைப் பொருள்கள் தலைகீழாக மாறிவிடுகின்றன. அங்கும் மூக்கைவிட உலோகமே உறுதியான சாட்சி. கொக்கோ நமக்கு அந்நியம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக் குற்றாலத்தில் 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பாய்னாத் தீவிலிருந்து கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது.

இனி என் பொட்டலம். அதை ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பவில்லை. பொட்டலத்தின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். மேலும் ஒரு பொட்டலம் எதையும் நிரூபிக்காது. ஆனால் சம்பந்தியிடம் அட்டையைப் படிக்கச் சொல்லி டெலிபோன் செய்தேன். முன்பக்கம் மலையும் பனியும் படமாக இருந்தன. 'டார்ஜிலிங்' என்ற சொல்லும் பெரிதாக இருந்தது. தேயிலை வாரியத்தின் முத்திரை, அதாவது பக்கவாட்டில் திரும்பிய பெண்முகமும், ஈரிலையும் மொட்டும் ஏந்திய கையும் உள்ள வட்டம், எங்கும் இல்லை. பின்பக்கம், மூக்குக்கண்ணாடி போட்டும் சிரமப்பட்டே படிக்கக்கூடிய எழுத்தில், 'கலவை' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்ததாம். "நான் மூக்குல படிச்சத நீங்க கண்ணுல படிச்சிருக்கலாமுங்களே" என்றார். வேட்டியை இழுத்துப் போர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வகுப்புப் பிள்ளைகளுக்கான வேலை. வீட்டில் உள்ள தேயிலைப் பொட்டலத்தின் அட்டையை முன்னும் பின்னும் முழுவதும் படித்து, அதில் உள்ள ஊர்ப் பெயர், முத்திரை, பொட்டலம் கட்டிய இடம், 'கலவை' என்ற சொல் உண்டா இல்லையா என்பவற்றை நோட்டில் எழுதவும். பொட்டலம் கட்டிய ஊரையும் விளைந்த ஊரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு பெரியவர்கள் துணையோடு, இரண்டு வெவ்வேறு தேயிலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 2 கிராம் நிறுத்து, 100 மில்லி கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் மூடி வைத்து வடிகட்டவும். பாலும் சர்க்கரையும் கூடாது. கோப்பைகளின் அடியில் பெயர்ச் சீட்டை ஒட்டி, அப்பா அம்மாவை முகர்ந்தும் சுவைத்தும் ஊர் சொல்லச் சொல்லவும். அவர்கள் சொன்னதையும் சீட்டில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடுத்த ஞாயிறு கொண்டுவரவும். யார் தவறாகச் சொன்னார்கள் என்பதை வகுப்பில் வெளியிடமாட்டேன்.